ஏடுகளை அச்சில் ஏற்றிய முதல் பட்டதாரி

சென்னை சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அது நடத்திய முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். இருவரும் யாழ்ப்பாணத்தார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒருவர் ஆசிரியர்; மற்றவர் அவரிடம் பாடம் கேட்ட மாணவர். ஆசிரியர் விசுவநாத பிள்ளை. மாணவர் தாமோதரம் பிள்ளை. முதலிடம் மாணவருக்கே கிடைத்தது!

அந்த மாணவரைத்தான் தமிழுலகம் சி. வை. தாமோதரம் பிள்ளை என்று அறியும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி பிறந்தவர். தந்தையார் வைரவநாத பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் தமிழும் கற்றார். இருபது வயதைக் கடந்ததுமே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். பெர்சிவல் பாதிரியார் அவரைச் சென்னைக்கு அழைத்துத் தினவர்த்தமானி பத்திரிகையைக் கவனிக்கச் செய்தார். பட்டமும் அங்கேதான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் சாமானியமா? உத்தியோகம் தேடி வரும். பிள்ளையவர்களுக்கும் வந்தது. கள்ளிக்கோட்டையில் ஆசிரியர் வேலை. பிறகு சென்னையில் அரசாங்கக் கணக்கு இலாகாவில் பெரிய பதவி. 1871இல் பி.எல். பரீட்சையும் தேறினார். வண்டியும் வீடுமாகச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ சம்பளப் பணத்தைக் கரையான் அரித்த ஓலைகளுக்காகச் செலவிட்டார்.

பழைய ஏட்டை எடுத்து அப்படியே அச்சுக் கோத்துவிட்டால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். அது அவ்வளவு எளிதன்று. ஓலையில் எழுத்தாணியால் எழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பொன் என்ற சொல்லும் போன என்ற சொல்லும் ஏட்டில் ஒன்று போலவே இருக்கும். செறு என்றால் வயல். சேறு என்றால் வேறு. இரண்டும் ஏட்டில் ஒன்றுதான். காலும் ரகரமும் ஒரே வடிவம். போதாக்குறைக்குச் சூத்திரம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். இடையில் ஓர் ஓலை முறிந்திருந்தால் அந்த இடத்துக்கு வேறு ஊர்ப் பிரதியைத் தேட வேண்டும். அந்தப் பிரதியோ வேறு பாடம் சொல்லும்!

பிள்ளையவர்கள் இந்த வேலையில் முதலில் தனியாக இறங்கவில்லை. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டபோது, பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் பார்த்த பிரதி என்றால் குறை சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனால் 1879இல் நாவலர் காலமானார். அதன் பிறகு நிழலுக்கு ஒதுங்க மரம் இல்லை.

ஆயினும் அவர் நிற்கவில்லை. 1881இல் வீரசோழியம் வந்தது. 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வந்தன. எஞ்சியிருந்தது தொல்காப்பியப் பொருளதிகாரம். அதைப் பாடம் சொல்ல வல்ல புலவர்கள் அரிதாகிவிட்ட காலம் அது. கையில் கிடைத்த பிரதிகளோ சிதைந்தவை. தவறாக அச்சிட்டால் வித்துவான்கள் பரிகசிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இப்படிப்பட்ட நிலையில் எந்தப் பண்டிதரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார். பிள்ளையவர்களின் எண்ணம் வேறு. பிழையோடு அச்சாகும் நூலைப் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்ளலாம். பூச்சி தின்ற ஏட்டை யார் திருத்துவது? 1885இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்று முதன் முதலாக அச்சில் தந்தார்.

இதற்குள் அவர் சர்க்கார் வேலையிலிருந்து விலகிக் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தார். அங்கே காலேஜில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றுகொண்டிருந்தார். பிள்ளையவர்களுக்கும் அந்த நூலை வெளியிட ஆசை. ஐயரிடம் நேரிலே போய்க் கேட்டார். ஐயர் கடைசியில் தாமே வெளியிடுவது என்று உறுதி செய்தார். ஒருவர் முதல் பட்டதாரி, செல்வாக்குடைய வக்கீல். மற்றவர் இளைய ஆசிரியர். பெரியவருக்கு வருத்தம் இல்லாமல் இராது. ஆனால் வேலை நிற்கவில்லை. 1887இல் ஐயரின் சிந்தாமணி வெளிவந்தது. அதே ஆண்டில் பிள்ளையவர்களின் கலித்தொகையும் வெளிவந்தது. எட்டுத்தொகையில் முதலில் அச்சேறிய நூல் அதுதான்.

அந்த ஆண்டிலேயே புதுக்கோட்டையில் நீதிபதி பதவியும் கிடைத்தது. 1890 வரை அங்கே இருந்தார். பதவியில் இருந்துகொண்டே 1889இல் இலக்கண விளக்கத்தையும் சூளாமணியையும் வெளியிட்டார். தொல்காப்பியத்தை விட்டாரா என்றால் அதுவும் இல்லை. எழுத்ததிகாரம் 1891இலும், சொல்லதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1892இலும் வந்தன. இளைய புலவர்களைத் தட்டிக் கொடுப்பதிலும் அவருக்குப் பிரியம் அதிகம். சூரியநாராயண சாஸ்திரியாரின் புலமையைக் கண்டு திராவிட சாஸ்திரி என்று பட்டம் சூட்டியவர் அவரே. 1895இல் சர்க்கார் அவருக்கு ராவ்பகதூர் பட்டம் அளித்தது.

1901ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, சென்னைப் புரசைவாக்கத்தில் அவர் காலமானார். வயது 68.

அவர் எதிர்பார்த்தபடியே திருத்துகிறவர்களும் வந்தார்கள். பொருளதிகாரம் முழுவதற்கும் உரை நச்சினார்க்கினியர் உரை என்றே அவர் கொண்டிருந்தார். பின்னான்கு இயல்களுக்கு அச்சான உரை பேராசிரியருடையது என்பதை ரா. இராகவையங்கார் ஆராய்ந்து காட்டினார். கலித்தொகை முழுவதையும் நல்லந்துவனார் பாடியதாகவே அவர் வெளியிட்டிருந்தார். ஐந்து புலவர் பாடியது என்ற கருத்து பின்னால் பரவியது. அது பற்றிய வாதம் எளிதில் ஓயவில்லை. அந்த வாதங்களில் இறங்கிய புலவர்களுக்குக் கரையான் அரித்த ஓலையோடு மல்லாட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1885லும் 1887லும் பிள்ளையவர்கள் அச்சிட்ட புத்தகங்கள் அவர்கள் மேஜைமேல் இருந்தன.