மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 – மே 6, 1952) இத்தாலிய மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். குழந்தைகள் பொருள்களைத் தம் கைகளால் கையாண்டு தாமாகவே கற்கும் முறையொன்றை இவர் உருவாக்கினார். இம்முறை இவர் பெயராலேயே மாண்ட்டிசோரி முறை என்று வழங்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் பெரும்பகுதியை அன்றைய சென்னை மாகாணத்தில், அடையாற்றிலும் கொடைக்கானலிலும் கழித்தார்.

இளமை

இத்தாலியின் அங்கோனா மாகாணத்திலுள்ள கியாரவால்லேயில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலத்தில், 1896 இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் வழியாக 1898 இல் இவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. குழந்தை நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளர்க்கப்பட்டது. உலகக் குழந்தைகளுக்காகத் தன் வாழ்நாளைச் செலவிட்ட இவர், தன் மகனின் வளரிளம் பருவத்திலேயே அவனைத் தன்னுடன் வைத்துக்கொள்ள முடிந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் அவர் உறவினர் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் பிறருக்கு அறிமுகப்படுத்தப்பட்டார்.

குழந்தைகள் இல்லமும் கருவிகளும்

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகப் பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகுவான் ஆகியோர் உருவாக்கிய கருவிகளை மாண்ட்டிசோரி முதலில் ஆராய்ந்தார். பின்னர் உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் 1907 சனவரி 6 அன்று முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார்.

இவருடைய கருவிகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பண்பை மட்டும் தனித்துக் காட்டுவன. இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கனசதுரங்களும் ஒரே நிறத்தவை, ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை அளவில் மட்டுமே வேறுபடுபவை. மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்தும்போது ஒன்று தவறினால் இறுதியில் ஓர் உருளை பொருந்தாமல் மிஞ்சும். பிழையை ஆசிரியர் சுட்ட வேண்டியதில்லை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவி, ஒலியையும் வடிவத்தையும் ஒருங்கே அறிகிறது. உலோக வடிவச் சட்டங்களின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, உள்ளே வண்ணம் நிரப்பும் பயிற்சி எழுதுவதற்குக் கையைப் பழக்குகிறது. நிறப் பலகைகளும் இசை மணிகளும் கண்ணையும் செவியையும் பயிற்றுகின்றன.

ஆயினும் ஓவியத்தில் இவருடைய கொள்கை பலர் எண்ணுவதினும் கண்டிப்பானது. குழந்தையை விருப்பம்போல் வரையவிடுவது மட்டும் போதாது, கையும் கண்ணும் முதலில் பழக வேண்டும் என்று கருதினார். கற்பனை விளையாட்டுக்கு இம்முறையில் போதிய இடமில்லை என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914 இல் குறை கூறினார். அக்குறை முற்றிலும் ஆதாரமற்றதன்று.

அடையாற்றில்

இந்தியாவில் இம்முறை மாண்ட்டிசோரியின் வருகைக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. குஜராத்தின் பவநகரில் கிஜுபாய் பதேக்கா 1920 இல் பாலர் மந்திரைத் தொடங்கியிருந்தார். 1939 இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, மாரியோவுடன் மாண்ட்டிசோரி சென்னை வந்தார். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பயின்றனர்.

1940 சூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகை நாட்டினர் ஆயினர். மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். மாண்ட்டிசோரி சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளையொட்டி அரசு மாரியோவை விடுவித்தது. அதை அறிவித்த தந்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டதாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இரு குடும்பத்தாரும் நாற்பதாண்டுகள் மறைத்த உறவை ஓர் அந்நிய அரசின் தந்தி வெளிப்படையாகச் சொல்லிற்று.

கொடைக்கானலில்

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அங்கு இவருடன் பணியாற்றினார். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய கல்வி அங்கேதான் வளர்ச்சி பெற்றது. செடி, விலங்கு, நிலம் ஆகியவற்றை நேரில் நோக்கி, அவை ஒன்றையொன்று சார்ந்திருப்பதை அறிவது அதன் அடிப்படை. அண்டக் கல்வி எனப்படும் இக்கருத்துக்கு மலைச்சூழல் பெரிதும் உதவியது.

இறுதிக் காலம்

1946 இல் ஐரோப்பா திரும்பி, அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். இந்தியச் சொற்பொழிவுகளிலிருந்து உருவான ஈர்க்கும் மனம் பற்றிய நூல் 1949 இல் அடையாற்றில் வெளியானது. 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் நூர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மாரியோ 1982 வரை வாழ்ந்து, பன்னாட்டு மாண்ட்டிசோரி சங்கத்தை நடத்தினார்.