வெள்ளி ஆணி அடித்த கப்பல்

1819ஆம் ஆண்டு ஜனவரியில் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் பதித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், பம்பாயில் கட்டப்பட்ட ஒரு போர்க்கப்பல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடைந்தது. அதன் பெயர் டிரிங்கோமலி. திருகோணமலை என்னும் தமிழ்ப் பெயரே ஆங்கிலேயர் நாவில் அப்படி மாறியிருந்தது. அதைக் கட்டியவர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா.

ஜாம்ஷெட்ஜி பார்சி இனத்தவர். அவருடைய தாத்தா லவ்ஜி, சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து கப்பல் கட்டும் தளத்தை அமைத்தவர். குஜராத்தியில் வாடியா என்றால் கப்பல் கட்டுபவர் என்று பொருள்; தொழிலே குடும்பப் பெயராகிவிட்டது. ஆயினும், ஜாம்ஷெட்ஜிக்குப் பதவி எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மற்றத் தச்சர்களோடு தச்சராக உளி பிடித்து வேலை கற்ற பிறகே அவர் தலைமைக் கட்டுநரானார்.

அக்காலத்தில் பிரான்சுடன் போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டனில் கப்பலுக்கு ஏற்ற ஓக் மரம் போதவில்லை. மலபார்த் தேக்கோ எளிதில் உளுக்காது; இரும்பு ஆணிகளை அரிக்காது. எனினும், பெரிய போர்க்கப்பல் கட்டும் பொறுப்பை இந்தியர் ஒருவரிடம் ஒப்படைக்கப் பலர் தயங்கினர். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று லண்டன் கப்பல் கட்டுநர்கள் எதிர்த்தனர். அவர்களுடைய அச்சமும் பொருளற்றதன்று. 1810இல் 74 பீரங்கிகள் கொண்ட 'மிண்டன்' கப்பலைக் கட்டி முடித்து, ஜாம்ஷெட்ஜி தம் திறமையை நிறுவினார். பின்னர் அவர் கட்டிய 'கார்ன்வாலிஸ்' கப்பலில்தான், 1842இல் ஹாங்காங்கைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்த நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது.

டிரிங்கோமலியின் வரைபடங்களை ஏற்றிவந்த கப்பல் 1812இல் அமெரிக்கர்களிடம் வீழ்ந்தது. மறுபடியும் படிகள் அனுப்பப்பட்டன. பார்சி வழக்கப்படி, கப்பலின் அடிமரத்தில் வெள்ளி ஆணி அடித்து வேலையைத் தொடங்கினார்கள். 1817 அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. அதற்குள் போர் முடிந்துவிட்டதால், இங்கிலாந்து சென்ற கப்பல் பல்லாண்டுகள் வேலையின்றிக் கிடந்தது.

ஜாம்ஷெட்ஜி 1821இல் காலமானார். அவர் கட்டிய 'வெல்லெஸ்லி' 1940இல் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கியது. டிரிங்கோமலியோ, 1897இல் உடைப்பதற்காக விற்கப்பட்டும் தப்பியது. தனியார் ஒருவர் அதை வாங்கி, இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கினார். 1987இல் அது வட இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்த ஊரிலும் ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தொழில் செழித்திருந்தது. அங்குள்ள கைவினைஞர்கள் 1990 முதல் 2001 வரை உழைத்துக் கப்பலைச் சீரமைத்தனர். அன்றைய தேக்கு மரங்களில் பெரும்பகுதியை அவர்கள் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இன்றும் அக்கப்பல் அந்தத் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. பார்வையாளர்கள் அதில் ஏறிப் பார்க்கலாம்.