கால் அளவு எடுத்த கை

செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியின் பொருளை கோல்ப் விளையாட்டுக்காரர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். அவரே பூட்ஸ் தைத்துப் பிழைத்தவர்தான்!

1911-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி நார்வே நாட்டில் பெர்கன் நகரில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை பூட்ஸ் தைக்கும் தொழிலாளி. பிழைப்பைத் தேடி அமெரிக்கா சென்ற அந்தக் குடும்பம் சியாட்டில் நகரில் குடியேறியது.

என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது கார்ஸ்டனின் ஆசை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது 1930-களின் பஞ்ச காலம். பணம் கட்ட வழியில்லை. படிப்பு பாதியில் நின்றது. தந்தையின் தொழிலுக்கே வந்து சேர்ந்தார்.

1936-ல் லூயிஸ் என்ற பெண்ணை மணந்தார். ஊசியும் நூலும் கையில் இருந்தாலும் மனம் படிப்பிலேயே இருந்தது. இரண்டாவது உலகப் போர் வந்தது. விட்ட பாடத்தை மீண்டும் படித்து, விமானக் கம்பெனியில் என்ஜினீயர் ஆனார். 1953-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார்.

42 வயதில்

உடன் வேலை செய்தவர்கள் அவரைக் கோல்ப் ஆட அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 42. பரந்த புல்வெளியில் சிறு பந்தை மட்டையால் அடித்து, குழியில் விழச் செய்வதே கோல்ப். குறைந்த அடிகளில் முடித்தவருக்கு வெற்றி.

பந்து குழிக்குப் பக்கத்தில் வந்ததும் மெல்லத் தட்டி உள்ளே தள்ளத் தனி மட்டை உண்டு. அந்தத் தட்டல் கார்ஸ்டனுக்கு வரவே இல்லை. பந்து விலகி விலகி ஓடியது.

வேறொருவராக இருந்தால் தலைவிதி என்று விட்டிருப்பார். கார்ஸ்டன் மட்டையை ஆராய்ந்தார். பந்து நடுவில் படாவிட்டால் மட்டையின் தலை திரும்பிவிடுகிறது என்று கண்டார். காவடித் தண்டின் இரு நுனியிலும் பாரம் இருந்தால் தண்டு சட்டென்று திரும்புமா? அதேபோல் மட்டைத் தலையின் இரண்டு ஓரங்களிலும் எடையை வைத்தார்.

1959-ல் தம் வீட்டுக் கார் ஷெட்டில் அந்த மட்டையைச் செய்தார். பந்தைத் தட்டியதும் பிங் என்று மணி போல ஒலித்தது. அதுவே அதன் பெயர் ஆயிற்று.

அதன் தோற்றத்தைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. ஆனால் 1962-ல் ஜான் பார்னம் என்ற ஆட்டக்காரர் பிங் மட்டையுடன் ஒரு பந்தயத்தில் வென்றார். அவரும் 1911-ல் பிறந்தவரே. வயது 51!

1967-ல் கார்ஸ்டன் உத்தியோகத்தை உதறினார். மாதம் தவறாமல் வந்த சம்பளம் நின்றது. 50 வயதைத் தாண்டியபின் அப்படிச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மனைவி கணக்கு எழுதினார். பிள்ளைகள் தொழிலில் துணை நின்றார்கள்.

ஆளுக்கு ஓர் அளவு

பிறகு இரும்புத் தலை மட்டைகளையும் செய்யத் தொடங்கினார். பெரிய ஆட்டக்காரர்கள் தங்களுக்கு ஏற்ற மட்டையைத் தனியாகச் செய்துகொள்வார்கள். சாதாரண மனிதர் கடையில் கிடைத்ததை வாங்கினார். பந்து கோணலாகப் போனால் தம்மையே நொந்துகொண்டார்.

நெட்டையானவரும் குட்டையானவரும் ஒரே மட்டையைப் பிடித்தால் என்ன ஆகும்? வலது கைக்காரரின் மட்டைத் தலையில் நுனி தூக்கி நின்றால் பந்து இடது பக்கம் போகும். நுனி தாழ்ந்தால் வலது பக்கம் போகும். ஆட்டக்காரரின் உயரம் எவ்வளவு, மணிக்கட்டிலிருந்து தரை வரை எவ்வளவு என்று அளந்தால், தண்டுக்கும் தரைக்கும் உள்ள சாய்வைக் கணக்கிடலாம். 1970-களில் கார்ஸ்டன் இதற்கு ஓர் அட்டவணை தந்தார். மட்டையில் நிறப் புள்ளி வைத்தார். கறுப்புப் புள்ளி என்றால் பொதுச் சாய்வு. மற்ற நிறங்கள் கூடுதலையும் குறைவையும் காட்டும். புள்ளியோடு விடாமல், ஆளை அடிக்கச் சொல்லியும் பார்க்கவேண்டும்.

இதனால் வயதானவர்களும் பலன் பெற்றார்கள். முதுகு முன்போல் வளையாது. கை வீச்சின் வேகமும் குறைந்துவிடும. அவர்கள் உடலை மாற்ற முடியாது. மட்டையை மாற்றலாம் அல்லவா?

சோதனையும் வந்தது. அவருடைய மட்டை முகத்தில் இருந்த கோடுகள் விதிக்குப் பொருந்தவில்லை என்று தகராறு எழுந்தது; அவர் வழக்குத் தொடுத்தார். தம் பெயரும் தொழிலும் ஆட்டங்கண்டபோதும் அவர் பின்வாங்கவில்லை. 1990-லும் 1993-லும் சமரசம் ஏற்பட்டது. ஏற்கனவே விற்ற மட்டைகள் தப்பின. புதியவற்றில் கோடுகளை மாற்ற அவர் இசைந்தார்.

1990-ல் ஐரோப்பியப் பெண்களும் அமெரிக்கப் பெண்களும் மோதும் சோல்ஹைம் கோப்பைப் போட்டி அவர் பெயரால் தொடங்கியது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி, 88-வது வயதில், பீனிக்ஸ் நகரில் அவர் காலமானார்.

இன்றும் கோல்ப் கடைகளில், நரைத்த தலைக்காரர் ஒருவர் கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்பார். கடைக்காரர் குனிந்து, மணிக்கட்டிலிருந்து தரை வரை நாடா பிடிப்பார். பூட்ஸ் கடையில் கால் அளவு எடுப்பதும் இப்படிக் குனிந்துதானே!