ஜி. பார்த்தசாரதி

இக்கட்டுரை 1912இல் பிறந்த தூதுவரைப் பற்றியது. பின்னாளில் பாக்கித்தானில் இந்திய உயர் ஆணையராக இருந்த, இதே பெயர் கொண்ட தூதுவர் வேறொருவர்.

கோபாலசுவாமி பார்த்தசாரதி (ஜூலை 7, 1912 - ஆகஸ்ட் 1, 1995) இந்திய இதழாளரும், தூதுவரும், கல்வியாளரும் ஆவார். வெளியுறவு அமைச்சின் கொள்கைத் திட்டமிடல் குழுத் தலைவராக 1975-1977, 1980-1984 ஆகிய காலப்பகுதிகளில் பணியாற்றினார். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தின் பின்னர், இலங்கை இனப்பிரச்சினைக்குத் தீர்வு காணும் பொருட்டுப் பிரதமர் இந்திரா காந்தியின் சிறப்புத் தூதுவராகச் செயற்பட்டவர் இவரே.

இளமையும் இதழியலும்

இவரது தந்தை என். கோபாலசாமி ஐயங்கார், காசுமீர் மன்னராட்சியில் பிரதமராகவும், பின்னர் இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினராகவும் இருந்தவர். பார்த்தசாரதி ஆக்சுபோர்டில் பயின்றார். சென்னை அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார். 1936 முதல் 1949 வரை தி இந்து நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தார். பின்னர் பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா செய்தி நிறுவனத்தின் இலண்டன் பிரதிநிதியாகவும், தலைமை ஆசிரியராகவும் பணியாற்றினார்.

தூதுவர் பணி

1954ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி இந்தோசீன நாடுகளில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க அமைந்த பன்னாட்டு ஆணையங்களுக்கு இந்தியா தலைமை வகித்தது. கனடாவும் போலந்தும் ஏனைய உறுப்பு நாடுகள். பார்த்தசாரதி முதலில் கம்போடியாவிலும், அடுத்து வியட்நாமிலும் ஆணையத் தலைவராக இருந்தார்.

இந்தோனேசியாவில் தூதுவராகப் பணியாற்றிய பின் 1958இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். 1959இல் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்ததும், எல்லையில் மோதல்கள் நிகழ்ந்ததும், 1960இல் சௌ என்லாயின் தில்லிப் பேச்சுவார்த்தை முறிந்ததும் இவரது பணிக்காலத்திலேயே ஆகும். 1961இல் இவர் நாடு திரும்பிய பின், 1976இல் கே. ஆர். நாராயணன் நியமிக்கப்படும் வரை பீகிங்கில் இந்தியத் தூதுவர் எவரும் இருக்கவில்லை.

1962 முதல் 1965 வரை பாக்கித்தானில் உயர் ஆணையராகவும், 1965 முதல் 1968 வரை ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாகவும் இருந்தார். 1965ஆம் ஆண்டு இந்திய-பாக்கித்தான் போர், இவர் நியூயார்க்கில் பொறுப்பேற்ற சில வாரங்களில் பாதுகாப்பு அவையின் முன் வந்தது.

கல்விப் பணி

1969இல் தொடங்கப்பட்ட ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக 1974 வரை பணியாற்றினார். அவ்வளாகத்திலுள்ள பாறைக்குன்று ஒன்று இவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

காசுமீர் உடன்பாடு

சேக் அப்துல்லாவுடன் இணக்கம் காண இந்திரா காந்தி இவரையே நியமித்தார். அப்துல்லாவின் சார்பில் மிர்சா அப்சல் பேக் பேசினார். 1974 நவம்பரில் இருவரும் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர்; 1975 பெப்ரவரியில் அப்துல்லா முதலமைச்சரானார். காசுமீருக்குத் தனிநிலை அளித்த 370ஆம் பிரிவை உருவாக்கியதில் தந்தை முக்கிய பங்காற்றினார். கால் நூற்றாண்டு கழித்து அப்பிரிவின் கீழான உறவை உறுதிப்படுத்தும் உடன்பாட்டை மகன் பேசி முடித்தார். அத்தனிநிலை 2019இல் நீக்கப்பட்டது.

இலங்கையும் இணைப்பு 'சி'யும்

1983 ஆகஸ்ட்டில் பார்த்தசாரதி கொழும்பு சென்றார். குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்தனாவுடனும், அ. அமிர்தலிங்கம் தலைமையிலான தமிழர் விடுதலைக் கூட்டணியுடனும் மாறி மாறிப் பேசினார். தனிநாட்டுக் கோரிக்கைக்கும், அதிகாரம் குறைந்த மாவட்ட சபைகளுக்கும் இடைப்பட்ட வழியை இவர் தேடினார். அதன் விளைவாக உருவான முன்மொழிவுகள் இணைப்பு 'சி' எனப்படுகின்றன.

ஒன்றுபட்ட இலங்கைக்குள், மாவட்ட சபைகள் மாகாண அளவில் ஒன்றிணைந்து பிராந்திய சபைகளாக அமைய அவை இடமளித்தன. சட்டம் ஒழுங்கு, நீதி நிர்வாகம், சமூக பொருளாதார வளர்ச்சி, பண்பாடு, காணிக் கொள்கை ஆகியன அச்சபைகளுக்கு உரியனவாகக் கூறப்பட்டன. கூட்டணி இவற்றைப் பேச்சுக்கு அடிப்படையாக ஏற்றது. ஆனால் 1984 ஜனவரியில் கூடிய அனைத்துக் கட்சி மாநாட்டில் சிங்களக் கட்சிகளும் பௌத்த பிக்குகளும் எதிர்த்தனர். ஜெயவர்தனாவும் அவற்றைத் தம் அரசின் முன்மொழிவாக ஏற்க முன்வரவில்லை. மாநாடு அவ்வாண்டு டிசம்பரில் முடிவு எட்டாமலே கலைந்தது.

அதற்கு முன், 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். ராஜீவ் காந்தி ஆட்சியில் இலங்கைப் பொறுப்பு வெளியுறவுச் செயலர் ரொமேஷ் பண்டாரியிடம் சென்றது.

மதிப்பீடு

மாவட்டத்துக்குப் பதிலாக மாகாணத்தை அதிகாரப் பரவலின் அலகாகக் கொள்ளும் கருத்து, 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலும், அதையொட்டிய 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்திலும் இடம்பெற்றது. 1983இல் பேச்சுவார்த்தை மேசையில் இருந்த அக்கருத்து, நான்கு ஆண்டுப் போருக்கும் பெரும் உயிரிழப்புக்கும் பின்னரே சட்டமாயிற்று. அவ்வொப்பந்தத்தை உருவாக்கியோருள் பார்த்தசாரதி இல்லை.