ஒரே ஷாட்டுக்கு 40 டேக்... நடிகர்களைப் படாதபாடு படுத்திய இயக்குநர்! யார் இந்த வில்லியம் வைலர்?

கட் சொல்வார். மறுபடி எடுக்கலாம் என்பார். ஆனா, என்ன தப்பு, எதை மாத்தணும்னு மட்டும் சொல்லவே மாட்டார்! ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரங்களையே புலம்பவைத்த இந்த இயக்குநருக்கு வைத்த பட்டப்பெயர், '40 டேக் வைலர்'.

யார் இவர்?

1902-ல் முல்ஹவுஸ் நகரில் பிறந்தவர் வில்லியம் வைலர். அன்று ஜெர்மனி வசம் இருந்த அந்த ஊர், இன்று பிரான்சில் இருக்கிறது. யுனிவர்சல் ஸ்டுடியோவை நிறுவிய கார்ல் லேம்லி, வைலரின் அம்மாவுக்குச் சொந்தக்காரர். அந்த உறவால்தான் அமெரிக்க வாய்ப்பு கிடைத்தது. எடுபிடி வேலையில் தொடங்கி, மௌனப்படக் காலத்தில் சின்னச் சின்ன கௌபாய் படங்களை இயக்கினார்.

எதுக்கு இத்தனை டேக்?

நடிகர் களைத்துப்போனால் 'நடிப்பு' உதிர்ந்து, நிஜம் வெளியே வரும். வைலர் காத்திருந்தது அதற்குத்தான். 'தி ஏர்ஸ்' (1949) படத்தில், காதலன் ஏமாற்றிய பெண்ணாக ஒலிவியா டி ஹாவிலாண்ட் பெட்டியோடு மாடிப்படி ஏற வேண்டும். டேக் மேல டேக். கடுப்பில் அவர் பெட்டியைத் தூக்கி எறிய, அது காலி என்பது வைலருக்குப் புரிந்தது. உள்ளே கனமான பொருட்களை வைக்கச் சொன்னார். அந்த நடையில் வந்த பாரம் நிஜம். ஒலிவியாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஆனால், இதுக்கு ஒரு விலையும் இருந்தது. 'ஜெசபெல்' (1938) படத்தில் வைலரால் ஆஸ்கர் வென்ற பெட்டி டேவிஸ், 'தி லிட்டில் ஃபாக்ஸஸ்' (1941) படப்பிடிப்பில் மோதல் முற்றி, பாதியிலேயே கிளம்பிப் போனார். திரும்பி வந்து முடித்துக் கொடுத்தாலும், இருவரும் அதன்பின் சேரவே இல்லை.

போர் பறித்த காது

இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்த வைலர், குண்டுவீச்சு விமானங்களில் பறந்து ஆவணப்படம் எடுத்தார். 1945-ல் விமான இரைச்சலில் ஒரு காது முழுசா போச்சு. சினிமா வாழ்க்கையே முடிந்தது என்று பயந்தார்.

அடுத்த வருஷமே வந்தது, 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. போர் முடிந்து வீடு திரும்பும் 3 பேரின் கதை. அதில் ஒருவராக, ராணுவப் பயிற்சியில் இரு கைகளையும் இழந்த ஹரோல்ட் ரஸ்ஸலையே நடிக்க வைத்தார். ரஸ்ஸலை நடிப்பு வகுப்புக்கு அனுப்பியது தெரிந்து வைலர் கோபப்பட்டாராம். அவருக்குத் தேவை, பயிற்சி படாத அந்த மனுஷன்தான்! ஒரே வேடத்துக்கு 2 ஆஸ்கர் வாங்கினார் ரஸ்ஸல்.

இன்றும் உடையாத சாதனை

'மிஸஸ் மினிவர்', 'தி பெஸ்ட் இயர்ஸ்', 'பென்-ஹர்' என சிறந்த இயக்குநருக்கான 3 ஆஸ்கர்கள். அதே பிரிவில் 12 முறை பரிந்துரை. இதை இதுவரை யாரும் தொடவில்லை. 1981-ல் மறைந்தார் வைலர். அவரைத் திட்டிய பெட்டி டேவிஸே, தன்னை நல்ல நடிகையாக மாற்றியவர் அவர்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.