மௌலானா ஆசாத்

ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்கெனத் தம் வாழ்நாளை அர்ப்பணம் செய்த பெரியாருள் மௌலானா அபுல் கலாம் ஆசாத் ஒருவர். 1888-ஆம் ஆண்டு மக்கமாநகரிற் பிறந்த இவர், கல்கத்தாவில் வளர்ந்தார். 1912-இல் அல்ஹிலால் என்னும் உருதுப் பத்திரிகையைத் தொடங்கி, விடுதலைப் போரில் ஹிந்துக்களோடு தோள்கொடுக்குமாறு முஸ்லிம்களை அழைத்தார். ஆங்கில அரசாங்கத்தார் அதனை ஒடுக்கினர். 1940 முதல் 1946 வரை காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை பூண்டு, தேசப் பிரிவினையை எதிர்த்து நின்றார். அதனால் தம் சமயத்தார் பலராலேயே இகழப்பட்டார்.

1947-இல் பிரிவினையும் வந்தது, கலகமும் மூண்டது. அஞ்சி ஊர்விட்டோட முனைந்த டில்லி முஸ்லிம்களை ஜும்மா மசூதியிற் கண்டு, இந்நாடு அவர்க்கும் உரியதென்று இடித்துரைத்துத் தேற்றினார். சுதந்திர இந்தியாவின் முதற் கல்வி மந்திரியாய் விளங்கி, 1958-இல் இறந்து, அம்மசூதியருகே அடக்கம் பெற்றார்.

பல சமயத்தாரும் ஓரிடத்திருந்து கற்கும் நாம், அயலான் அச்சமின்றி வாழ்தற்கு அரசியற் சட்டம் மட்டும் போதாது, அவனுக்காகத் துணிந்து நிற்பாரும் வேண்டுமென்பதை இவர் சரிதத்தால் உணர்வோமாக.