விசிபிலிட்டி ஸ்லைடருக்குப் பின்னால் ஒரு பிரபு

கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு சின்ன வேலை. பாக்டோக்ராவில் டேக் ஆஃப் பண்ணி டார்ஜிலிங் பக்கம் ஏறுங்க. வெதர் மெனுவில் விசிபிலிட்டி ஸ்லைடரை கடைசி வரைக்கும் இழுத்து விடுங்க. எவரெஸ்ட் தெரியும். ஆனா 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மலை மாதிரியா இருக்கும்? அட்டையில வெட்டி பக்கத்துல ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும். கிராபிக்ஸ் கார்டு வாங்கியாச்சு, எல்லாம் பளிச்சுனு தெரியணும்னு நாம எல்லாருமே முதல்ல செய்யுற தப்பு இது.

அது ஏன் தப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர், விமானமே இல்லாத காலத்தில் பிறந்த ஓர் ஆங்கிலேயப் பிரபு. அவருடைய கணக்கில் வந்த மலையும் இதே எவரெஸ்ட். பார்க்கும் இடமும் இதே டார்ஜிலிங். நம்ம ஊர் பாடப்புத்தகத்தில் ரேலே சிதறல் என்று ஒரே பத்தியில் முடிந்துவிடும் அந்த ரேலேதான்.

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் 1842 நவம்பர் 12 அன்று எஸெக்ஸ் பகுதியில் பிறந்தார். நிலபுலன் நிறைந்த குடும்பம். உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஈட்டன், ஹாரோ என்று பெரிய பள்ளிகளில் சேர்த்தும் நோயால் நீடிக்க முடியவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனவர், 1865ல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம்.

1871ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஈவ்லின் பால்ஃபரை மணந்தார். வானத்தின் நீல நிறத்துக்குக் கணக்கு எழுதினார். ஒளியின் அலைநீளத்தைவிட ரொம்பச் சின்ன துகள்மேல் வெளிச்சம் பட்டால், அலைநீளம் குறையக் குறைய சிதறல் நான்கு மடி கணக்கில் ஏறும். சிவப்பைவிட நீலம் சுமார் 4 மடங்கு அதிகம் சிதறுவது இதனால்தான். சரி, அந்தத் துகள் எது? காற்றில் மிதக்கும் ஏதோ நுண்ணிய தூசு என்றுதான் அப்போது அவரும் நினைத்தார்.

அடுத்த வருஷம் ருமாட்டிக் காய்ச்சல் ஆளைப் படுக்கவைத்தது. உடம்பு தேற எகிப்துக்குப் போனார்கள். நைல் நதியில் படகுவீட்டில் இருந்தபடியே ஒலியியல் பற்றிய தன் பெரிய புத்தகத்தை எழுத ஆரம்பித்துவிட்டார். ஓய்வு எடுக்கச் சொன்னா இப்படி!

1873ல் அப்பா இறந்தார். ஸ்ட்ரட் மூன்றாவது ரேலே பிரபு ஆனார். டெர்லிங்கில் இருந்த குடும்ப மாளிகையிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். அதே ஆகஸ்டில் மேக்ஸ்வெல்லிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு கன அளவுக்குள் இத்தனை குட்டி உருண்டைகள் இருந்தால், அதன் வழியே போகும் ஒளி எவ்வளவு குறையும்? காற்று மூலக்கூறின் அளவைக் கண்டுபிடிக்கவே அந்தக் கேள்வி. 1879ல் மேக்ஸ்வெல் இறந்துவிட்டார். கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் அவர் இருந்த நாற்காலிக்கு ரேலே வந்தார். மின்தடையின் அலகான ஓமைத் துல்லியமாக அளக்கும் வேலையில் இறங்கினார். 1884ல் மறுபடி டெர்லிங்.

அங்கே நைட்ரஜனை எடை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சிக்கல். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிப்பொருளிலிருந்து எடுத்ததைவிட அரை சதவீதம் கனம். நம்ம லேப்ல அரை சதவீத எர்ரர் வந்தா பார்ட்டியே வைப்போம். அவர் விடவில்லை. யாருக்காவது காரணம் தெரியுமா என்று 1892ல் நேச்சர் இதழிலேயே கேட்டார். கடைசியில் வில்லியம் ராம்சேயோடு சேர்ந்து கண்டுபிடித்ததுதான் ஆர்கான். 1904ல் நோபல் பரிசு.

மேக்ஸ்வெல்லின் கேள்வியையும் அவர் விடவில்லை. 26 வருஷம் கழித்து, 1899ல், அந்தக் கடிதத்தையும் அச்சிட்டு பதில் எழுதினார். தூசே இல்லாவிட்டாலும் வானம் நீலமாகத்தான் இருக்கும். காற்று மூலக்கூறுகளே போதும். தன் பழைய எண்ணத்தைத் தானே திருத்திக்கொண்டார். அன்றைக்குத் தெரிந்த மூலக்கூறு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், 83 கிலோமீட்டர் சுத்தமான காற்றைத் தாண்டும்போது ஒளி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். டார்ஜிலிங் அருகிலிருந்து 100 மைல் தாண்டியும் எவரெஸ்ட் ஓரளவு பிரகாசமாகத் தெரிகிறதே, அதோடு இது ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார்.

சிமுலேட்டருக்குள் நடப்பதும் இந்தக் கணக்குதான். தூரம் கூடக்கூட மலையிலிருந்து வரும் ஒளி எக்ஸ்பொனென்ஷியலாகக் குறைகிறது; நடுவில் இருக்கும் காற்று சிதறடிக்கும் நீல ஒளி அதன்மேல் ஏறிக்கொள்கிறது. கடல்மட்டத்தில் தூசே இல்லாத காற்றில்கூட சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் மலை வானத்தோடு கலந்துவிடும். முடிவில்லாத விசிபிலிட்டி என்று ஒன்று இந்தப் பூமியில் கிடையாது.

ரேலேவுக்குப் பறப்பதிலும் ஆர்வம் உண்டு. இறகடிக்காமல் பறவை எப்படி மிதக்கிறது என்று 1883லேயே எழுதியிருக்கிறார். 1909ல் பிரிட்டிஷ் அரசு விமானவியல் ஆலோசனைக் குழு அமைத்தபோது அவரையே தலைவராக்கியது. கடைசிவரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1919 ஜூன் 30 அன்று டெர்லிங்கில் காலமானார்.

அவர் சொன்னது எல்லாமே சரியா? இல்லை. ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்றார். 1921ல் கப்பலில் மத்திய தரைக்கடலைக் கடந்த நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமன் அதை மறுத்தார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். ரேலே காற்றுக்குச் சொன்ன அதே வழிதான்.

இப்போ மறுபடி காக்பிட்டுக்கு வாங்க. வானிலை அறிக்கையில் 9999 என்று வந்தால் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று அர்த்தம். சரியா 10ல கொண்டுபோய் வைக்காதீங்க. ஹேஸ் வேணும்னா சாம்பல் கலந்த வெள்ளையா போடுங்க. புகையும் தூசும் மூலக்கூறைவிட ரொம்பப் பெரிசு, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து 1, 2 கிலோமீட்டர் உயரம் வரைக்கும்தான். அதைத் தாண்டி ஏறினதும் காற்று தெளியணும், தூரத்து மலை மட்டும் நீலமா மங்கணும். எவரெஸ்ட் முழுசா மறையாம, வெளிறிப்போய்த் தெரியுற இடத்துல ஸ்லைடரை நிறுத்துங்க. இப்பதான் அது 160 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.